மூடின சந்தியும் முப்பத்துநாலு வழியும்

12.03.1992
ரியூசனில் சீவரத்தினம் மாஸ்டர் தந்த கணக்கு: சதுரம் சதுரமாக றோட்டுகள். சைக்கிளில் கிழக்கே நாலு மைல்கட்டை, வடக்கே நாலு கட்டை போகவேண்டும். கட்டைக்கொரு சந்தி. திரும்பி வரக்கூடாது. நட்டநடுச் சந்தி ஷெல் விழுந்து மூடிக் கிடக்கிறது. எத்தனை வழி?

சூத்திரம் போட்டேன். மொத்தம் எழுபது, நடுச்சந்தியால் போவது முப்பத்தாறு. மிச்சம் முப்பத்துநாலு. சரி.

பக்கத்திலிருந்த அருந்ததிக்கும் முப்பத்துநாலு. ஆனால் படிப்படியாகச் செய்கை எழுதவில்லை. கொப்பித் தட்டுப்பாட்டில் தாளை மிச்சம் பிடிக்கிறவள். படத்தின் சந்திகளில் குட்டி எண்கள் மட்டும். "உம்மடையைப் பாத்தே உவ எழுதினவ?" என்று மாஸ்டர் என்னைக் கேட்டார். "அப்பிடித்தான் போல கிடக்கு" என்றேன்.

அவளுக்குச் சைபர்.

13.03
'போல' என்றுதானே சொன்னேன்?

17.03
ரியூசனையே விட்டுவிட்டாள். இரண்டு வீட்டு வேலிக்கும் நடுவில் நாங்கள் நுழைந்து திரிகிற பொட்டை, அந்தச் சின்ன இடைவெளியை, அவளுடைய அம்மா ஓலை வைத்து அடைத்துவிட்டா. "என்னடி நடந்தது?" என்று எங்கள் அம்மா கேட்டா. ஒன்றுமில்லை என்றேன்.

19.03
மாஸ்டர் இன்று நடுச்சந்தியோடு அதற்குக் கிழக்கே உள்ளதையும் மூடினார். எழுபதில் நடுச்சந்தியின் முப்பத்தாறும் மற்றதின் முப்பதும் கழித்தேன். மிச்சம் நாலு. விரலால் கோடிழுத்தால் சும்மாவே ஐந்தாறு வழி வருகிறது. இரண்டு சந்தியாலும் போகிற வழிகளை இரண்டு தரம் கழித்திருக்கிறேன், மொக்கி.

வீட்டில் அருந்ததியின் படத்தை நினைத்து நினைத்துப் போட்டுப் பார்த்தேன். முதற்சந்தியில் ஒன்று. பிறகு ஒவ்வொரு சந்திக்கும் மேற்கிலிருந்து எத்தனை வழி, தெற்கிலிருந்து எத்தனை — கூட்டி எழுது. மூடின சந்திக்குச் சைபர். ஒருமுறை எழுதியதைத் திரும்ப எண்ணத் தேவையில்லை. கடைசிச் சந்தியில் இருபத்திரண்டு. கால் பக்கம்கூட ஆகவில்லை.

என்னுடைய தாளில் எதைப் பார்த்து எழுதியிருப்பாள்? அந்த எண்கள்தான் செய்கை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

20.03
அருந்ததி என்னைப் பார்த்து எழுதவில்லை என்று வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். அவளுடைய படத்தைக் கரும்பலகையில் போட்டேன். மாஸ்டர் கனநேரம் பார்த்துவிட்டு, "பிழை என்னிலையும்தான்" என்றார்.

பிறகு றோட்டால் சுற்றி அவள் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பாத்தெழுதினது எண்டு சொன்னதுகூடப் பரவாயில்லை, பாலேஸ். பக்கத்திலைதானே இருந்தனான். எப்பிடிச் செய்தனீ எண்டு ஒரு சொல்லு என்னட்டைக் கேக்கேல்லையே."

அழுதுகொண்டு வந்தேன்.

27.03
அருந்ததி ரியூசனுக்கு வந்தாள். எனக்கு முன்னால் உள்ள வாங்குப் பலகையில் போய் இருந்தாள். இன்றைய கணக்கில் அவள் விடை வேறு, என் விடை வேறு. என்னுடையதுதான் சரி என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டு, "எப்பிடிச் செய்தனீ?" என்றேன்.

சற்றுத் தள்ளியிருந்து வாங்கில் இடம் விட்டாள்.