வொர்ரி என்ற சொல்லும் பத்து நாற்பது பஸ்ஸும்

என் நெஞ்சை விட்டு அகலாத கமலத்துக்கு,

நீ மறைந்தது 1969 ஆவணி, இரண்டாம் வெள்ளி. மூன்றாம் வெள்ளி என்று நம் மகள் வசந்தா சொல்வது பிழை. அன்று ஒன்பது வயதாயிருந்த அவள் இன்று ஸ்ரீபெரும்புதூரில் இங்கிலீஷ் டீச்சர். மண்ணூரில் நம் வீட்டெதிரே இப்போது கம்பெனி ஆட்களை ஏற்றும் ஷிப்டு வண்டிகளும் ஓடுகின்றன.

சென்ற புதன்கிழமை பெரிய அகராதி ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தவள் சிரித்தாள்.

"எப்பப் பாத்தாலும் வொர்ரி பண்ணாதேம்பியே, ஆதியில அதுக்கு இன்னா அர்த்தம் தெரியுமாப்பா? கழுத்த நெரிக்கிறது. அப்புறம் ஓநாய் ஆட்டோட தொண்டையக் கவ்வி உலுக்குறது. கவலைன்னு ஆனதெல்லாம் ரொம்பப் பின்னாடிதான்."

நான் சிரிக்கவில்லை. "யாரோ கழுத்தப் புடிச்சிக்கினு இருக்கிறாப்பல கீதுங்க" என்று அந்த ஆவணி வெள்ளியன்று நீ சொன்ன குரல் அந்தக் கூடத்திலேயே கேட்டது. உனக்கும் கேட்டிருக்குமோ?

அன்று பத்து நாற்பதுக்கு பஸ் சரியாக வந்தது. டிரைவர் முனுசாமி வாசலிலேயே நிறுத்தி ஹாரன் அடித்தார். ராகு காலம் பன்னிரண்டுக்குத்தான் முடியும் என்று, கையசைத்து அவரை அனுப்பியவன் நான். அடுத்த பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போகலாம், வொர்ரி பண்ணாதே என்றேன். பதினொன்று ஐம்பதுக்கு உன் மூச்சு நின்றது. உனக்கு அப்போது என் மேல் கோபம் இருந்ததா?

பள்ளியிலிருந்து ஓடிவந்த குழந்தையிடம், பஸ் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். இன்றுவரை அதைத்தான் நம்புகிறாள்.

ஞாயிறன்று முனுசாமி தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். வசந்தா அவருக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. "நேரத்துக்கு வராதவங்களுக்கு இங்க இன்னா வேலை?" என்று அவர் காதுபடவே கேட்டுவிட்டு உள்ளே போனாள். அவர் என்னைப் பார்த்தார்.

"நீங்கதான சார் கையக் காட்டிப் போவச் சொன்னீங்க. பொண்ணாண்ட இன்னும் சொல்லலியா?"

நான் தலை குனிந்தேன். "வுடுங்க சார், கல்யாணத்துக்கு மட்டும் வந்துடுங்க" என்று சொல்லிப் படியிறங்கினார். பதினேழு ஆண்டுகளாக என் பழியை அவர் சுமந்திருக்கிறார், கமலம். அது எனக்காகவா, உனக்காகவா?

இன்று மாலை வசந்தா பள்ளியிலிருந்து வந்ததும் உண்மையைச் சொல்லிவிடுவேன். அதன் பிறகு அவள் என்னோடு பேசாமல் போகலாம். போனாலும், முனுசாமி வீட்டுக்கு அவளை அழைத்துக்கொண்டு போய், அவள் முன்னிலையிலேயே மன்னிப்புக் கேட்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இப்படிக்கு,
உன் மகளுக்குத் தகப்பன்