திருவனந்தபுரப் பயணம்

12 ஆகஸ்ட், செவ்வாய்

தக்கலை டாக்டர் இன்று என் ஸ்கேனைப் பார்த்துவிட்டுப் படம் வரைந்து காட்டினார். மூத்திரப் பைக்குக் கீழே, குழாயைச் சுற்றி இருக்கிறது புராஸ்டேட். நெல்லிக்காய் அளவு இருக்க வேண்டியது, வயதாகி எலுமிச்சை அளவுக்கு வீங்கிக் குழாயை நெரிக்கிறதாம். "புற்று ஒண்ணும் இல்ல, மாத்திரை போதும்" என்றார். முப்பது வருஷமாகப் பைப் கடை வைத்திருக்கிறேன், எனக்கு இது புரியாதா? நம்பவும் செய்தேன்.

சாயங்காலம் மகன் வந்தான். "அப்பா, நாளைக்கு ஒருக்கா திருவனந்தபுரம் போயிட்டு வருவோம். நீங்களும் வாங்க."

எங்கள் ஊரில் புற்று என்றால்தான் திருவனந்தபுரம் கூட்டிப்போவார்கள். நோயாளியிடம் மட்டும் சொல்லமாட்டார்கள். என் அண்ணனை நானே அப்படித்தான் கூட்டிப்போனேன்.

"எதுக்குலே?" என்றேன். அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

"மாப்பிள துபாயிலேருந்து வாறாருல்லா, ஏர்போட்டுல போயி கூட்டிட்டு வரணும்" என்றாள் அவள். பார்வை முழுக்க அடுப்பில்.

சரி என்றுவிட்டேன். படுத்த பிறகு மூன்று தடவை கக்கூசுக்கு எழுந்தாயிற்று. மூன்றாவது தடவை, நாளைக்கென்று கட்டி வைத்திருந்த பையைத் திறந்து பார்த்தேன். பிளாஸ்க், துண்டு, அடியில் என் ஸ்கேன் கவர்.

மாப்பிள்ளையைக் கூப்பிடப் போகிறவர்களுக்கு அது எதற்கு?