நாளைவருவார் பொருட்டு விடுத்த ஓலை

மேகம் இறங்கித் தங்கும் குறும்பொறை நாட்டின் தலைவியும், ஏழு சுனைகளின் காவலும், முறையிட வந்தோரை எழுந்து நின்று வரவேற்கும் பெருந்தகையுமாகிய அரசி செம்மலர்க்கோதை நாச்சியார் திருமுன், மருதவள நாட்டு மன்னர் திருமுடிக்கீரனாரின் ஆணை பெற்று, அவர்தம் பேரமைச்சன் கொற்றங்குடி அழிசி வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் சுனைகள் வற்றாதிருக்க. தங்கள் தினைப்புனத்துக் கிளிகள் அளவோடு தின்க. இரு நாட்டுக்கும் நடுவே கிடக்கும் யானைமுதுகுக் கணவாய், பகையின் கால் படாத வழியாய் என்றும் இருக்க.

தாங்கள் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. கணவாயின் அடியிலுள்ள தங்கள் மலைவாயிலைக் காக்கும் தித்தன் என்பார், விளக்கேற்றி வாயில் அடைத்த பின்னர், அதனை வெளிப்புறம் பூட்டித் திறவுகோலையும் எடுத்துக்கொண்டு மலைமேல் போய்விட்டார் என்றும், அவ்வேளை பார்த்து ஆய்வுக்கு வந்த தங்கள் மாமனாராகிய படைத்தலைவர் கொசுக்கடியில் நெடுநேரம் நிற்க நேர்ந்தது என்றும், வாயில் விட்டவன் நாடு விடுக என்னும் பழஞ்சட்டப்படி வரும் அமாவாசை அவையில் தித்தன் நாடு கடத்தப்படுவார் என்றும் அதில் கண்டேன். யாரோ ஒரு வழிப்போக்கனுக்காக அவர் இதனைச் செய்தார் என்றும் எழுதியிருந்தீர்கள். அரசியே, அந்த வழிப்போக்கன் யான்தான்.

காற்றோலையைத் தாங்கள் அறிவீர்கள். ஒருவர் தம் ஓலையில் கீறியது இமைப்பொழுதில் அவர் கூட்டத்தார் அனைவரின் ஓலையிலும் தோன்றும். ஓலையின் மூலையை அழுத்தினால் எதிரே உள்ள காட்சியும் படமாய்ப் போய்ச் சேரும். அரசுகள் அதனை வரிக்கும் படைக்கும் பயன்படுத்திக்கொண்டிருக்க, மிதிவண்டிப் பித்து தலைக்கேறிய இரு நாட்டார் சிலர் அதில் அரட்டைக்கென்றே ஒரு கூட்டம் கூட்டினோம். மிதிப்போர் மன்றம் என்பது அதன் பெயர். ஊரும் பதவியும் அங்கே சொல்லலாகாது. பட்டப்பெயர் ஒன்றே உண்டு. எந்தச் சக்கரம் சேற்றில் வழுக்காது, எந்த மேட்டில் நாக்குத் தள்ளும், புறப்படுமுன் எத்தனை இட்டிலி தகும் என்பனவே அங்கு நடக்கும் அரசியல். அரசவையில் என்முன் இருமுவதற்கும் அஞ்சுவர். மன்றத்திலோ வெல்லமண்டியார் என்னும் அம்மையார் என்னை யோவ் என்றுதான் விளிப்பார். அந்த யோவ் வராத நாளில் எனக்குச் சோறு இறங்குவதில்லை என்பதை மறைப்பானேன்?

மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. நாள்தோறும் அவரவர் வண்டியைச் சுவரிலோ மரத்திலோ சாய்த்துப் படம் இடுவோம். வண்டியின் சங்கிலி இருக்கும் பக்கம் பார்ப்பவரை நோக்கியிருத்தல் வேண்டும். மறுபக்கம் காட்டுவது, பெண்வீட்டார்முன் மாப்பிள்ளையை முதுகு காட்டி நிறுத்துவது போன்றதாம். இந்த முறைமையைக் காப்பதில் யான் கண்டிப்பானவன். தவறியவர் எவரையும் விட்டதில்லை. ஆகவே என் பட்டப்பெயர் சங்கிலியார்.

இன்னொருவர் பெயர் நாளைவருவார். அவர் இடும் படம் எந்நாளும் ஒரே கற்சுவர். கணவாய் ஏற வருமாறு எத்தனை முறை அழைத்தாலும், முழங்கால் வலி, எதிர்காற்று, வீட்டில் விருந்தாளி என்று ஏதேனும் ஒன்று சொல்லி, «நாளைக்கு கட்டாயம் வர்றேன்» என்று முடித்துவிடுவார். «நாளைவருவாரே, அந்தச் சுவரு விழுந்துடும்னு முட்டுக்கொடுத்து நிக்கிறீரா?» என்று வெல்லமண்டியார் கேட்க, மன்றமே சிரித்தது. யானும் சிரித்தேன். அச்சுவர் தங்கள் மலைவாயில் என்பதையும், அதனைவிட்டு அகலும் உரிமை அவருக்கு ஒருநாளும் இல்லை என்பதையும் எங்களில் எவரும் அறியோம்.

சென்ற வளர்பிறையில் ஒருநாள் விடுப்புப் பெற்றுத் தனியே கணவாய் ஏறி, தங்கள் நாட்டுச் சரிவில் இறங்குகையில், சருகில் சக்கரம் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தேன். வலக்கை முறிந்தது, கால் ஊன்ற இயலவில்லை. எழுத்தாணி எங்கோ உருண்டு போயிற்று. வண்டி மட்டும் மேலே பாதையோரத்து எல்லைக்கல்லில் சாய்ந்து நின்றது. அருகிருந்த ஓடையில் யானைகள் மாலையில் நீருக்கு இறங்கும் என்பது எனக்குத் தெரியும். எழுத வழியின்மையால், கிடந்தபடியே இடக்கையால் ஓலையின் மூலையை அழுத்தி, கண்ணுக்குத் தெரிந்த அந்த வண்டியைப் படமாய் அனுப்பினேன்.

அரசியே, அதில் சங்கிலி மறுபக்கம் இருந்தது.

மன்றம் திருவிழாக் கோலம் பூண்டது. அவர்கள் மொழியை மாற்றாது தருகிறேன். அவைக்கு ஒவ்வாதெனின் பொறுத்தருள்க. «யோவ் சங்கிலியாரே! ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணிட்டு இப்ப நீரே மாட்டிக்கிட்டீரா?» என்றார் வெல்லமண்டியார். «இந்தப் படத்தைச் செதுக்கி வாசல்ல பதிக்கணும்யா» என்றார் மற்றொருவர். ஆளாளுக்குத் தண்டனை விதித்தனர். அனைவருக்கும் யான் பணியாரம் சுட்டுத் தருவதென்று தீர்ப்பாயிற்று. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கேலியும் என் ஓலையில் வந்து விழ, முதலில் சிரித்தேன், பிறகு சினந்தேன், பிறகு அழுதேன். விதைத்ததைத்தான் அறுக்கிறேன் என்பதும் விளங்கிற்று.

அப்போது நாளைவருவார் எழுதினார்: «சிரிச்சது போதும். அந்த மனுசன் உசிரு போனாலும் வண்டியத் திருப்பி வச்சுட்டுத்தான் படம் போடுவாரு. திருப்பலைன்னா எந்திரிக்க முடியலைன்னு அர்த்தம். கல்லைப் பாருங்க, பள்ளத்துல கிடந்து எடுத்த படம். எனக்குத் தெரிஞ்ச கல்லுதான். இதோ வர்றேன்.»



அவர் வந்தது வாயிலுக்குத் தண்ணீர்க்குடம் சுமக்கும் இரும்பு வண்டியில். அதனைத் தள்ளிக்கொண்டு ஏறுவதே அரிது. அவர் மிதித்து ஏறி வந்தார். மூச்சு இரைக்க நின்றவர், என்னைத் தூக்குமுன் செய்த முதற்செயல், என் வண்டியைத் திருப்பிச் சங்கிலிப் பக்கம் தெரிய நிறுத்தியது. «எவனும் இனி ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுல்ல» என்றார். பின் என்னைக் குடம் வைக்கும் பலகையில் தம் தலைப்பாகையால் கட்டி, வழியெல்லாம் பேச்சுக்கொடுத்தபடி இறக்கினார். யான் யார் என்று அவர் கேட்கவில்லை. வாயிலில் அவருக்கு விலங்கு பூட்டியபோது யான் நினைவிழந்திருந்தேன்; யாரென்று அறியாமலே தங்கள் காவலர் என்னை எங்கள் நாட்டில் சேர்த்த பின்னரே கண் விழித்தேன். இல்லையேல் அங்கேயே உரைத்திருப்பேன்.

சட்டம் பெரிது, அதனை வளைக்கக் கேளேன். வாயில் திறந்து கிடக்கவில்லை, பூட்டியே இருந்தது என்பதையும், தங்கள் எல்லைக்குள் அயல்நாட்டு அமைச்சன் ஒருவன் யானைக்காலில் மடியாமல் காத்ததும் காவல்தான் என்பதையும் மட்டும் அவையில் எடுத்துரைக்க வேண்டுகிறேன். படைத்தலைவரின் கொசுக்கடிக்கு எங்கள் மன்னர் வேப்பெண்ணெய் அனுப்பியுள்ளார். ஒருகால் தித்தனை நாடு கடத்துவதே முடிவாயின், எங்கள் வாயில்கள் இரவும் பகலும் அவருக்குத் திறந்திருக்க வேண்டுமென்று மன்னர் ஆணையிட்டுவிட்டார். ஆயினும் அவர் வருவாரென்று யான் நம்பவில்லை. இத்தனை ஆண்டும் ஒரே சுவரைச் சலிக்காமல் படம் எடுத்தவர், அச்சுவரை எத்துணை நேசிக்கிறார் என்பது இப்போதுதான் புரிகிறது.

ஆதலின் மன்றத்தார் யாவரும் ஒருமுகமாய் வேண்டுவது இது: அவரை அவ்வாயிலிலேயே இருத்துக, வாரத்தில் ஒருநாள் மட்டும் வேறொரு காவலரை நிறுத்தி, அவரை எங்களோடு விடுக. அவர் வரும்வரை எவரும் படம் இடுவதில்லை என்று வெல்லமண்டியார் கட்டளையிட்டுள்ளார். அதனை மீற இந்நாட்டில் அமைச்சனுக்கும் துணிவில்லை.

ஓலை கொணரும் தூதர் தங்கள் மறுமொழி பெற்றே திரும்புக என்பது எம் மன்னர் ஆணை. கயல் பொறித்த முத்திரை இடக்கையால் இடப்பட்டது, சாய்ந்திருப்பின் பொறுத்தருள்க. தங்கள் தீர்ப்பு எதுவாயினும் தலைவணங்கி ஏற்போம். அவர் எங்களோடு வருவது என்றைக்கு என்று எழுதுகையில், நாளை என்னும் சொல் மட்டும் வேண்டா, தாயே.