தலைமாட்டில் வைத்த வேதப்புத்தகம்

1937 செப்டம்பர் 14, இரவு.

இன்றும் ஜலகண்டாபுரம் சந்தையில் நின்று மிஷன் கொடுத்த வேதப்புத்தகங்களை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சிலர் வாங்கினார்கள், சிலர் முறைத்தார்கள். போன வாரம் ஒன்று வாங்கிப் போன தறிக்காரர் வீட்டுப் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அதே புத்தகத்தைத் துணியில் சுற்றி இரண்டு கையாலும் நீட்டினாள்.

"இத நீங்களே வெச்சுக்குங்க சாமி. புள்ள போயிருச்சுங்க."

எனக்கு விளங்கவில்லை.

"எங்கூட்டுல படிக்கத் தெரிஞ்சவிய ஆருமில்லீங்க. காச்சல்ல கெடந்த புள்ளைக்குத் தலமாட்டுல வெச்சேன். கடசி வரைக்கும் எடுக்கவே இல்லீங்க."

அட்டையில் திருநீறு ஒட்டியிருந்தது. இது தாயத்து அல்ல, படிப்பதற்கானது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே கேட்டாள்.

"நாந்தான் தப்பா வெச்சுட்டனுங்களா?"

இல்லையம்மா என்றேன். புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். அவள் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். மிச்சப் புத்தகங்களைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். நாளை மிஷனில் எத்தனை கொடுத்தாய் என்று கேட்பார்கள். அவர்களுக்கு அது ஒன்றுதான் கேட்கத் தெரியும்.

வீட்டில் இதை எழுதும்போது பக்கத்தில் என் மகள் தூக்கத்திலேயே இருமுகிறாள். அவள் தலையணைக்கு அடியிலும் ஒரு வேதப்புத்தகம் இருக்கிறது. இருமல் தொடங்கிய அன்று நான்தான் வைத்தேன். எடுத்துவிடலாம் என்று சற்று முன் கையை நீட்டினேன்.

எடுக்கப் பயமாக இருக்கிறது.