மாமா கையில் ரிமோட்

ஐப்பசி 14, வெள்ளி இரவு

படகுக்கு மோட்டார் பார்த்த கதை இன்று முடிந்தது. பவானி ஆற்றில் தூண்டில் போட நான் வைத்திருக்கும் சின்ன ஃபைபர் படகுக்கு, சத்தமில்லாத பேட்டரி மோட்டார் ஒன்று வேண்டும். அங்கே பாறை அதிகம். தண்ணீருக்குள் இறங்கும் தண்டு குட்டையாக இருக்க வேண்டும். கையால் பிடித்துத் திருப்புகிற மாடல் போதும். ஒரு மாதமாக வீடியோ பார்த்து நானே முடிவு செய்தது.

பனியன் கம்பெனி மாமனாருடையது. அதில் நான் மேனேஜர். மதியம் கட்டிங் மேசை அருகே என் போனை எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க மாப்ள, கையில புடிச்சு ஓட்டறதுங்களா? ரிமோட் வெச்சதே வாங்கலாமுங்க. செலவு என்னோடதுங்க."

"வேண்டாமுங்க மாமா, ஒரு ஆளுக்கு இதுவே போதுமுங்க."

"நீங்க தூண்டிலப் பாருங்க. எனக்குத் தண்ணின்னா பயமுங்க. நான் கரையில உக்காந்து ஓட்டறனுங்க. ஞாயித்துக்கிழமை எனக்கு வேறென்ன வேலை?"

வாரத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை ஒன்றுதான் எனக்கென்று இருந்தது. "சரிங்க மாமா" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் வேறெதுவும் சொல்லிப் பழக்கமில்லை.

இரவு சாப்பிடும்போது விஷயத்தைக் கேட்டு மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்பாவுக்கு உங்க மேல எத்தனை பாசம் பாருங்க" என்றாள். பாசம்தான். அதனால்தான் யாரிடமும் குறை சொல்ல முடியவில்லை.

மாடிக்குப் போய் மோட்டார் கடைக்காரருக்குப் போன் போட்டேன். ரிமோட் எவ்வளவு தூரம் எடுக்கும் என்று மட்டும் கேட்டேன். அவர் பெருமையாகச் சொன்னார்: "கவலையே வேண்டாமுங்க சார். அக்கரை வரைக்கும் எடுக்குமுங்க."