முன்பல் முளைக்கிற வரைக்கும்

10.6.2024 திங்கள்

ஸ்கூல் திறந்தாச்சு. அனிஷா ரெண்டாவது. லீவுலயே மேல் முன்பல்லு ரெண்டும் விழுந்துடுச்சு. புது யூனிபார்ம் போட்டுக்கிட்டு பொக்கை வாயோட சிரிக்கிறா.

சாயந்திரம் கோயில்லேர்ந்து சிஸ்டர் வந்தாங்க. சனிக்கிழமை சனிக்கிழமை பிள்ளைங்களுக்குப் பாட்டு வகுப்பு வைக்கிறாங்களாம். ஆளுக்கு ஒரு வாத்தியம் கத்துக்கணும், எதுன்னு வூட்டுல பேசி முடிவு பண்ணுங்கன்னாங்க. நான் யோசிக்கிறதுக்குள்ள இவ கட்டிலுக்கு அடியில கையைக் காட்டுறா. "அப்பாவுது."

அங்க இருக்குறது அவரோட ட்ரம்பெட்டு. கறுப்புப் பொட்டி. அவரு போயி எட்டு மாசமாச்சு. நான் அதைத் தொறக்கவே இல்ல.

வேணாம்னு சொல்லிட்டேன். சிஸ்டர் ஏன்னு கேக்கல.

11.6

தட்டுறது, மீட்டுறது, அமுக்குறது, எதுவா இருந்தாலும் சரி. வாயால ஊதுறது மட்டும் வேணாம். எழுதி வச்சிட்டேன்.

16.6 ஞாயிறு

பூசை முடிஞ்சு சார்லஸ் மாமா வந்தாரு. எங்க வூட்டுக்காரரு அமலுக்கு அண்ணன். பெண்ணாடம் ரூட்டுல ஆட்டோ ஓட்டுறாரு. கோயில் பேண்டு செட்டுக்கு அவருதான் தலைவரு. வரிசையில அமல் நடந்த எடத்துல இன்னும் யாரையும் நிறுத்தலையாம். அந்த எடத்தை விட்டுட்டுதான் நடக்குறாங்களாம். பிள்ளைக்கு நான் கத்துத் தரேன்னாரு.

நான் டீ வைக்கப் போயிட்டேன். திரும்பி வந்தா அனிஷாவை வாயைத் தொறக்கச் சொல்லிப் பாத்துட்டு இருக்காரு. முன்பல்லு இல்லாம ட்ரம்பெட்டு ஊத முடியாதாம், உதட்டுக்குப் பிடிமானம் இல்லையாம். "பல்லு முளைக்கட்டும் டெய்சி. அப்புறம் பேசிக்கலாம்."

அப்பாடான்னு இருந்துச்சு. மாதாவே, அந்தப் பல்லு மெதுவா வரட்டும்.

6.7 சனி

கொளஞ்சி அக்கா பேரனோட பழைய கீபோர்டைக் குடுத்தாங்க. என்கூட பீங்கான் பொம்மை கம்பெனியில வேலை செய்யிற அக்கா. அனிஷா ஒரு விரலால ரெண்டு தட்டு தட்டினா. அதுல நாய் கொரைக்கிற பட்டன் ஒண்ணு இருக்குது. அதைக் கண்டுபிடிச்சா. அதோட சரி. சாப்புடுற வரைக்கும் வூட்டுல நாய்தான்.

13.7

சிஸ்டர் அவளைக் கோயில் ஆர்மோனியத்துல உக்கார வச்சாங்க. கட்டையை அவ தொடவே இல்ல. பின்னாடி துருத்தியை இழுத்து விட்டுட்டு காதை வச்சுக் கேக்குறா. "அம்மா, இது மூச்சு விடுதும்மா."

நான் எழுந்து வெளிய வந்துட்டேன். கடைசி நாள்ல அவரு மூச்சு வாங்கின சத்தமும் அப்படித்தான் இருந்துச்சு.

19.7 வெள்ளி

இன்னிக்கு கொளஞ்சி அக்காகூட சண்டை.

எங்க வேலை, காஞ்ச பொம்மையைச் சூளைக்குப் போறதுக்கு முன்னாடி பிளேடால சுரண்டி வழவழன்னு தேய்க்கிறது. தேய்க்கத் தேய்க்க மாவு பறக்கும். அமலும் இதே கம்பெனிதான், கல்லு அரைக்கிற மில்லுல. தேய்ச்சிக்கிட்டே அக்கா கேட்டாங்க, அந்தப் பிள்ளை ஆசைப்படுறதை ஏண்டி தடுக்குறேன்னு.

ஏன்னு எனக்குத் தெரியாதா. போன வருஷம் மாதா பொறந்த நாள் ஊர்வலம். பாதிப் பாட்டுல ட்ரம்பெட்டைக் கீழ எறக்கிட்டாரு. கைக்குட்டையில ரத்தம். அடுத்த மாசம் போயிட்டாரு. ஊதி ஊதித்தான் நெஞ்சு கிழிஞ்சு போச்சு. நான் கண்ணால பாத்தவ. இதைச் சொன்னா அக்கா சிரிக்கிறாங்க.

"ஊதுறவன் எல்லாம் செத்துடுவான்னா உன் மூத்தாரு சார்லஸு ஏண்டி எருமைக்கடா மாதிரி திரியிறாரு? முப்பது வருஷமா ஊதுறாரே."

கையில இருந்த பொம்மையை வச்சிட்டு வேற பலகைக்குப் போயிட்டேன். புருஷன் உசுரோட இருக்குறவங்களுக்கு சிரிப்பு வரும்.

2.8

காலையில பல்லு விளக்கி விடும்போது பாத்தேன். ஈறுல வெள்ளையா ஒரு கோடு. அவகிட்ட சொல்லல.

8.9 ஞாயிறு

எழுதவே கை வரல.

இன்னிக்கு மாதா பொறந்த நாள். நான் ஊர்வலத்துக்குப் போகல. எங்க தெரு வழியா பேண்டு வர்ற சத்தம் கேட்டதும் கதவைச் சாத்திட்டேன். அவ பின்பக்கமா ஓடிட்டா. தேடிக்கிட்டுப் போனா — வரிசைக்குள்ள நடக்குறா. அவங்கப்பா எடத்துல. முஷ்டியை மடக்கி வாயில வச்சுக்கிட்டு கன்னத்தை உப்பிக்கிட்டு நடக்குறா. ரெண்டு பக்கமும் பெரிய ஆளுங்க. எல்லாரும் அவளுக்காகக் காலைச் சின்னதா வைக்கிறாங்க.

கையைப் புடிச்சு இழுத்தேன். முதுகுல ஒண்ணு வச்சேன். சார்லஸ் மாமாவைப் பாத்து, தம்பியைத் தின்னது பத்தலையா, எம் பிள்ளையும் வேணுமான்னு கேட்டுட்டேன். தேருக்கு முன்னாடி. அத்தனை பேரு பாக்க. பேண்டு நின்னு போச்சு. அப்புறம் வெறும் மேளம் மட்டும் அடிச்சுக்கிட்டுப் போனாங்க.

10.9

பொட்டியை எடுத்துக்கிட்டுப் போவச் சொல்லி ஆள் விட்டேன். மாமா வந்தாரு, எடுத்துக்கிட்டாரு, போயிட்டாரு. அனிஷா கட்டிலுக்கு அடியில போயி படுத்துக்கிட்டா.

14.9

பிள்ளைக்கு இருமல். பொட்டி இங்க இருந்தப்ப தொறந்து ஊதினியாடின்னு கேட்டேன். "தொறந்தேன். ஊதல. அப்பா வாசனை பாத்தேன்." நம்பல நான்.

20.9

இன்னும் இருமுறா. பொட்டிதான் இல்லையே. அப்புறம் எதுக்கு இருமல் வருது? யாரைக் கேக்குறது?

23.9 திங்கள்

லீவு சொல்லிட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். லேடி டாக்டர். நெஞ்சுல வச்சுப் பாத்தாங்க. அப்புறம் ஒரு குழாயை எடுத்து அவகிட்ட குடுத்து, ஊது கண்ணுன்னாங்க. என்னையறியாம அவ கையைப் புடிச்சிட்டேன்.

"ஊதட்டும்மா, பயப்படாதீங்க."

ஊதினா. பல்லு ஓட்டையில காத்து போயி விசில் அடிச்சுது, டாக்டருக்கே சிரிப்பு. குழாயில முள்ளு விறுவிறுன்னு ஏறிச்சு. இன்னொரு தரம்னு அவளே கேட்டா. வெறும் சளிதானாம், மருந்து எழுதிக் குடுத்தாங்க. நல்ல மூச்சுன்னாங்க.

அப்புறம் என் முந்தானையைப் பாத்தாங்க. வேலைக்குக் கட்டுற சேலை, மடிப்புல எல்லாம் வெள்ளை. எங்க வேலை பாக்குறீங்கன்னு கேட்டாங்க. வூட்டுக்காரரு? சொன்னேன். எல்லாம் சொன்னேன், ட்ரம்பெட்டு, ரத்தம், எல்லாம். மில்லுல எத்தனை வருஷம்னு கேட்டாங்க. பேனாவைக் கீழ வச்சிட்டாங்க.

"ஊதினதால இல்லம்மா. கல்லுத் தூசி நெஞ்சுல போயி ஒக்காந்துடும். அப்புறம் எறங்காது. அந்த நெஞ்சை வச்சுக்கிட்டு அவரு ஊதினதுதான் பெருசு."

எனக்கும் நெஞ்சுப் படம் எடுக்கச் சொன்னாங்க. வேலைக்குக் கட்டுற சேலையோட பிள்ளைகிட்ட போவக் கூடாதுன்னாங்க.

தினம் நான் வந்ததும் ஓடி வந்து முகத்தை எங்க வைக்கிறா? இந்தச் சேலையிலதான. அவரு வந்தப்பவும் அப்படித்தான் ஓடுவா. நாங்க ரெண்டு பேரும் தூசியைப் பூசிக்கிட்டு வந்தோம். பழி மட்டும் அந்தப் பித்தளை மேல போட்டேன். ஊதும்போதாவது அவரு நெஞ்சுல நல்ல காத்து போச்சோ என்னவோ.

26.9

படத்துல எனக்கு இப்போதைக்கு ஒண்ணும் இல்லையாம். வருஷா வருஷம் எடுக்கணுமாம். கொளஞ்சி அக்காகிட்ட நானே போயி பேசினேன், நீயும் படம் எடுக்க வாக்கான்னேன். "எனக்கென்னடி, நான் ஊதுறதில்லையே"ன்னாங்க. அப்புறம் வரேன்னாங்க.

30.9

முதலாளிகிட்ட ஈர வேலை கேட்டேன். சூளையிலேர்ந்து வந்ததைப் பளபளப்புக்காகப் பால் மாதிரி கரைச்ச கலவையில முக்கி எடுக்குற எடம். மாவு பறக்காது. மூஞ்சியைச் சுளிச்சாரு. பாக்கலாம்னாரு. நான் அங்கேயே நின்னேன். சரி போன்னாரு.

6.10 ஞாயிறு

சார்லஸ் மாமா வூட்டுக்குப் போனேன். என்னென்னமோ சொல்லணும்னு வழியெல்லாம் மனசுல பேசிக்கிட்டே போனேன். வாசல்ல ஆட்டோவைத் தொடைச்சிக்கிட்டு இருந்தாரு. வாம்மான்னாரு. எனக்கு வந்தது இது ஒண்ணுதான்.

"மாமா, பல்லு வந்துடுச்சு."

துணியைப் பிழிஞ்சு ஆட்டோ மேல போட்டுட்டு, கல்லறைத் திருநாளுக்குப் பொட்டியோட வரேன்னாரு.

2.11 சனி

கல்லறைத் திருநாள். காலையிலேயே போயி கல்லறையைக் கழுவி, சாமந்தி வச்சு, மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தோம். மாமா பொட்டியோட வூட்டுக்கு வந்தாரு. ட்ரம்பெட்டுல வாய் வைக்கிற முனையைக் கழட்டி நானே சுடுதண்ணியில கழுவிக் குடுத்தேன்.

முதல்ல காத்துதான் வந்துச்சு. அப்புறம் ஒரு சத்தம். அடுத்த வூட்டுலேர்ந்து யார் வூட்டு மாடு கத்துதுன்னு கேட்டாங்க. அனிஷா மூஞ்சி சுருங்கிப் போச்சு. அப்பாவும் மொதல்ல இப்படித்தான் ஊதினாரான்னு கேட்டா.

"இதைவிட மோசம். எங்க நாயி வூட்டை விட்டே ஓடிடுச்சு," அப்படின்னாரு மாமா.

நான் சிரிச்சிட்டேன். எனக்கே என் சத்தம் புதுசா இருந்துச்சு.

மறுபடி ஊதுறா. வேலைச் சேலை வெளிய கொடியில கெடக்குது, இப்பல்லாம் அது உள்ள வர்றதில்ல. தெருவுல போறவங்க நின்னு பாக்குறாங்க. கதவைச் சாத்தட்டுமான்னு மாமா கேட்டாரு. தொறந்தே இருக்கட்டும்னேன்.