முபாரக்கின் கேள்வி

கொட்டாஞ்சேனை. வைகாசி, செவ்வாய் இரவு.

இன்று துறைமுகத்தில் மகாராணியின் கடற்படைக் கப்பலொன்றுக்கு மொழிபெயர்க்கப் போனேன். முன்பு அது அடிமைகளை ஏற்றிய கப்பல். அதைப் பிடித்து, பீரங்கி பூட்டி, இப்போது அடிமை வியாபாரிகளைத் துரத்த வைத்திருக்கிறார்கள். கப்டன் அதைப் பெருமையாகச் சொன்னார்.

அதே கப்பலில் அடிமையாக வந்தவன் முபாரக். மீட்டவர்கள் அவனுக்கு ஜாக் என்று பெயரிட்டுச் சமையலுக்கு வைத்துக்கொண்டார்கள். முன்பு கட்டுண்டு கிடந்த அடித்தட்டில்தான் இன்னும் படுக்கிறானாம். கொழும்பில் இறக்கிவிடச் சொல்லுங்கள் என்று ஹிந்துஸ்தானியில் என்னைக் கெஞ்சினான். கப்டனிடம் சொன்னேன்.

"ஐந்து வருட வேலைக்கு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்திருக்கிறான். ஓடினால் விலங்குதான்" என்றார்.

அதை முபாரக்கிடம் சொன்னதும், "அப்ப என்னை எப்ப ஐயா விடுதலை செய்தவை?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வியையும் ஒரு சொல் குறையாமல் கப்டனிடம் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. "அடுப்பைப் போய்ப் பார்க்கச் சொல்" என்றார்.

"ஆரோ கப்பல்காரனுக்காக நீங்கள் ஏன் சாப்பிடாமல் இருக்கிறியள்?" என்று மனைவி கேட்கிறாள். அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? கப்டனுக்கு ஹிந்துஸ்தானி தெரியாது. "அடுப்பைப் போய்ப் பார்" என்று அவனிடம் சொன்னது என் வாய்தான்.